பிசிபி ரைஃபிளில் காற்று எந்த வழியாகப் போகிறது?

பிசிபி என்றால் முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றால் குண்டைத் தள்ளும் ஏர் ரைஃபிள். ராத்திரி 200 பார் அழுத்தம் காட்டிய கேஜ் காலையில் 170-ல் நின்றால் கை தானாக ஸ்பேனரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் பிரித்தால் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிற ஒரு ஓ-ரிங்கையாவது (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கீறி வைப்போம். ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

நான் சொல்வது 10 மீட்டர் போட்டிக்கான, சிலிண்டரைத் தனியாகக் கழற்றக்கூடிய ரைஃபிளை வைத்து. டியூப் நிரந்தரமாகப் பொருத்திய ரைஃபிளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். காற்றை அழுத்தி நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும், ஆறும்போது அழுத்தம் தானாக இறங்கும். 45 டிகிரி சூட்டில் 200 பார் இருந்தால் 28 டிகிரிக்கு ஆறியதும் கேஜ் 189 பக்கம் வந்து நிற்கும், இதில் ஒரு சொட்டுக் காற்றும் வெளியே போயிருக்காது. அதனால் நிரப்பிவிட்டு இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் கேஜைப் பார்த்து ஒரு தாளில் குறியுங்கள், மறுநாள் அதே நேரத்தில் அதே அறையில் திரும்பப் பாருங்கள். இந்தத் தாள் இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

உண்மையிலேயே இறங்கியிருந்தால் திரும்ப நிரப்பி, சிலிண்டரைக் கழற்றித் தனியாக ஒரு ராத்திரி வையுங்கள். தனியாக இருந்தும் இறங்கினால் கோளாறு சிலிண்டரில், இறங்கவில்லை என்றால் ரைஃபிளில். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். சிலிண்டரின் வால்விலோ கேஜ் பொருத்திய இடத்திலோ குமிழி வந்தால் நான் அதைத் தொடமாட்டேன், சர்வீஸுக்குத்தான் அனுப்புவேன். லாரி டயரில் இருப்பது 8 பார், இதற்குள் இருப்பது அதைப்போல 25 மடங்கு. சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். போட்டி சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பொதுவாக 10 வருடம், அதைத் தாண்டியதற்கு ரிப்பேர் பார்க்கவே கூடாது.

கோளாறு ரைஃபிளில் என்றால் சேம்பரில் (குண்டு உட்காரும் இடம்) பெல்லட், அதாவது குண்டு, இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, சிலிண்டரை மாட்டி, குழல் வாயில் ஒரு சின்ன பலூனை இழுத்து மாட்டி போல்ட்டை மூடி வையுங்கள். அரை மணி நேரத்தில் பலூன் லேசாகத் தலை தூக்கினால் மெயின் வால்வு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பல சமயம் அது ஒரு தூசிதான். முழு அழுத்தத்தில் பாதுகாப்பான திசையில் நாலைந்து தடவை பெல்லட் இல்லாமல் சுட்டால் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கும் அடங்காவிட்டால்தான் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டு வால்வு முகத்தைத் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சின்னக் கசிவு பெரிதாகிவிடும்.

பலூன் அசையவில்லையா, அப்போது பஞ்சர் கடை வைத்தியம். பாத்திரம் கழுவும் சோப்பு நீரை நுரை வராமல் கலக்கி, மெல்லிய பிரஷால் சிலிண்டர் சேரும் இடம், ரெகுலேட்டரின் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் தரும் பாகம்) சின்னத் துளை, மற்ற இணைப்புகள் எல்லாவற்றிலும் தடவுங்கள். ரைஃபிளைத் தண்ணீரில் முக்கக் கூடாது, துரு பிடிக்கும். தடவியதும் எழுந்து போய்விடாதீர்கள்; மெதுவான கசிவு பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு கடுகளவு குமிழிதான் விடும். முடிந்ததும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ரெகுலேட்டர் துளையில் குமிழி வந்தால் அதற்குள் இருக்கும் ஓ-ரிங் போய்விட்டது. எங்கேயும் குமிழியே இல்லை, ஆனால் வைத்திருந்து சுடும் முதல் குண்டு மட்டும் வேகம் கூடிப் போகிறது என்றால், ரெகுலேட்டர் உள்ளுக்குள்ளேயே காற்றை விடுகிறது.

பிரிப்பதற்கு முன் சிலிண்டரைக் கழற்றுங்கள், ரைஃபிளுக்குள் மிச்சமிருக்கும் காற்றைச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். எந்தத் திருகாவது வழக்கத்துக்கு மாறாக இறுக்கமாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கலாம், பலம் போடாமல் நிறுத்துங்கள்.

போன வருடம் ஒரு ரைஃபிள் தினமும் 15 பார் இழந்துகொண்டிருந்தது. சிலிண்டர் சேரும் இடத்தில்தான் குமிழி. ரிங் புதிது, பார்க்க வழவழவென்று இருந்தது. விரலில் மாட்டி இழுத்து, செல்போன் டார்ச்சில் லென்ஸ் வைத்துச் சுற்றிப் பார்த்தபோது உள்பக்கம் நகம் பட்ட மாதிரி, எள்ளில் பாதி அளவுக்கு ஒரு வெட்டு. கிரீஸ் இல்லாமல் உலர்வாகத் தள்ளியபோது திருகு மரையின் விளிம்பு அதைச் சீவியிருக்கிறது. அதிலிருந்து எந்த ரிங்கையும் சிலிக்கோன் கிரீஸ் மெலிதாகப் பூசாமல் நான் போடுவதில்லை. தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கிட்டே வரக் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடித்து வெடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவதும் அதே காரணத்தால் உயிருக்கு ஆபத்து.

பழைய ரிங்கை எடுக்க இரும்பு ஊசி வேண்டாம், பல்குத்தும் மூங்கில் குச்சி போதும். ரிங் உட்காரும் காடியில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது ரிங் போட்டாலும் ஒழுகும். நசுங்கிய ரிங்கை அளந்து வாங்காதீர்கள், அளவும் ரப்பரின் கடினமும், அதாவது ஷோர் எண் 70-ஆ 90-ஆ என்பதும், தயாரிப்பாளரின் பாகப் பட்டியலில் இருக்கும். டெஃப்ளான் டேப் சுற்றுவது இங்கே தப்பு, அதன் துணுக்கு வால்வுக்குள் போய் உட்காரும். இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று நினைப்பதும் தப்பு. ஓ-ரிங்கைக் காடியின் சுவரோடு அமுக்கி அடைக்கிறதே காற்றின் அழுத்தம்தான், நம் கைபலம் இல்லை.

மாட்டி முடித்ததும் சிலிண்டரை ஒரேயடியாக நிரப்பாமல் 50 பார், 100 பார் என்று நிறுத்தி நிறுத்திச் சோப்பு நீர் தடவிப் பார்த்து 200-க்குப் போங்கள். இரண்டு மணி நேரம் ஆறவிட்டு அதே தாளில் அடுத்த வரியில் கேஜைக் குறித்து வையுங்கள்.