ஆர்பிட்ரேஷன் பிரிவை எழுதுவது முதல் தீர்ப்பை நிறைவேற்றுவது வரை: சிறு வணிகர்களுக்கான செய்முறை விளக்கம்

திருப்பூரில் பின்னலாடை தைத்து அனுப்பும் ஒருவருக்கும், அதை வாங்கும் தில்லி வணிகருக்கும் பணத் தகராறு வந்தால், எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது என்ற கேள்வியிலேயே மாதங்கள் ஓடிவிடும். இதைத் தவிர்க்கவே பலர் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்வுப் பிரிவைச் சேர்க்கிறார்கள். ஆனால் நடுவரை நியமித்து, தன் விதிகளின்படி வழக்கை நிர்வகிக்கும் எந்த நடுவர் நிறுவனத்தையும் குறிப்பிடாமல் “நடுவர் மூலம் தீர்த்துக்கொள்ளப்படும்” என்று ஒரே வரியில் எழுதிவிடுவதால், நடுவரை நியமிப்பதற்கே உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாகிறது. இந்தியாவில் பெரும்பாலான நடுவர் வழக்குகள் இப்படி நிறுவனத் துணையின்றியே நடக்கின்றன என்பதால்தான், நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான உயர்நிலைக் குழு 2017இல் நிறுவன வழி நடுவர் தீர்வை வலுப்படுத்தப் பரிந்துரைத்தது.

படி 1: அடிப்படைச் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள்

1940ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்வு மற்றும் சமரசச் சட்டமே இங்கு அடிப்படை. ஐ.நா. சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 1985இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தைத் தழுவி இயற்றப்பட்ட இது, 2015, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. தொடக்கநிலையினர் அதிகம் கவனிக்காத 2ஆம் பிரிவின் 6, 8 ஆகிய உட்பிரிவுகளில்தான் நிறுவன முறையின் வேர் இருக்கிறது. சட்டம் உங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்களுக்காக முடிவு செய்யும் உரிமையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம் என்றும், ஒப்பந்தத்தில் சுட்டப்படும் விதிகள் அந்த ஒப்பந்தத்தின் பகுதியாகவே கொள்ளப்படும் என்றும் அவை சொல்கின்றன. எனவே ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதும்போது, அதன் விதிப்புத்தகம் முழுவதற்கும் நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள்.

படி 2: நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

சென்னையில் நானி பல்கிவாலா நடுவர் மையமும், சென்னை உயர் நீதிமன்றத்தோடு இணைந்த நடுவர் மையமும் உள்ளன. தில்லி உயர் நீதிமன்றத்தை ஒட்டி தில்லி சர்வதேச நடுவர் மையமும், மும்பையில் 2016இல் தொடங்கிய மும்பை சர்வதேச நடுவர் மையமும் இயங்குகின்றன. பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொன்றின் கட்டண அட்டவணையையும் எடுத்து, உங்கள் ஒப்பந்த மதிப்புக்கு நடுவர் கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 10 லட்ச ரூபாய் தகராறுக்கு மூன்று நடுவர்கள் கொண்ட தீர்ப்பாயத்தை அமைப்பது, வரவேண்டிய பணத்தைச் செலவே தின்றுவிடும் நிலையில் கொண்டுபோய் விடும்.

படி 3: பிரிவை எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் இரு தரப்பினரும் நட்போடு இருக்கும் ஒரே கட்டம் இதுதான். தகராறு வந்த பிறகு ஒரு காற்புள்ளியைக் கூட மாற்ற எதிர்த்தரப்பு இசையாது. சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், மின்னஞ்சல் பரிமாற்றமும் போதுமானது. மாதிரி இதோ:

“இந்த ஒப்பந்தத்திலிருந்து எழும், அல்லது அதனோடு தொடர்புடைய எந்தத் தகராறும், ஒப்பந்தம் செல்லுமா என்ற கேள்வி உட்பட, (நிறுவனத்தின் முழுப் பெயர்) நடத்தும் நடுவர் தீர்வுக்கு, அந்த நேரத்தில் நடப்பிலுள்ள அதன் விதிகளின்படி அனுப்பப்பட்டு, இறுதியாகத் தீர்க்கப்படும். சட்ட இருப்பிடம் சென்னை. நடுவர் ஒருவர். மொழி தமிழ் (அல்லது ஆங்கிலம்).”

இதில் நிறுவனத்தின் பெயர் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும், ஏனெனில் இல்லாத ஒரு மையத்தின் பெயரை எழுதிவிட்டால், அந்தப் பிழை பிறகு தனி வழக்காக வளரும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மாதிரிப் பிரிவை வெளியிட்டிருப்பதால், அதை அப்படியே எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

வக்கீல்கள் ‘சீட்’ என்று சொல்லும் சட்ட இருப்பிடம், விசாரணை நடக்கும் அறையைக் குறிப்பதன்று. எந்த ஊர் நீதிமன்றத்துக்கு மேற்பார்வை அதிகாரம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சென்னை என்று எழுதியிருந்தால், விசாரணை முழுவதும் காணொலியில் நடந்தாலும், தீர்ப்பை எதிர்த்துச் செல்ல வேண்டிய இடம் சென்னையே.

நடுவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. பெரிய வாங்குநர் நீட்டும் படிவத்தில் “நடுவரை நாங்களே நியமிப்போம்” என்ற வரி இருந்தால் அதற்குச் சம்மதிக்காதீர்கள். தகராறின் முடிவில் நலன் உள்ள ஒரு தரப்பு தனியொரு நடுவரைத் தானாகவே நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் கூறியது. அரசு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இத்தகைய ஒருதலை நியமனம் சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசமைப்பின் 14ஆவது உறுப்புக்கு முரணானது என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்தது. நியமனத்தை நடுநிலையான நிறுவனத்திடம் விடுவதன் பெரும்பயன் இங்குதான் தெரியும்.

முத்திரைத் தீர்வையையும் கையெழுத்திடும்போதே செலுத்திவிடுங்கள். முத்திரையின்மை திருத்தக்கூடிய குறையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியிருந்தாலும், அந்தக் குறையைச் சரிசெய்யும் காலமும் அபராதமும் உங்கள் தலையில்தான் விழும்.

படி 4: தகராறு எழுந்ததும் அறிவிப்பு அனுப்புங்கள்

வேறு உடன்பாடு இல்லையெனில், உங்கள் கோரிக்கை எதிர்த்தரப்பின் கையில் கிடைத்த நாளே நடவடிக்கை தொடங்கிய நாள் என்கிறது 21ஆம் பிரிவு. நிறுவன விதிகள் வேறு நாளைக் கூறலாம் என்பதால், எதிர்த்தரப்புக்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பணம் தரவேண்டிய நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளே காலவரம்பு.

சரக்கோ சொத்தோ கைமாறிவிடும் அச்சம் இருந்தால், 9ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம். நடவடிக்கை தொடங்குமுன் அந்த ஆணையைப் பெற்றால், 90 நாட்களுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கியாக வேண்டும்.

நீங்கள் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்து, சரக்குக்கான பணம் வராமல் தவித்தால், 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, இத்தகைய பாக்கித் தகராறுகளைக் கையாளும் வசதியாக்கக் குழுவை அணுகும் வழியும் உண்டு. ஒப்பந்தத்தில் தனி நடுவர் பிரிவு இருப்பது இந்த வழியை அடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. அந்தச் சட்டப்படி, தாமதமான தொகைக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டியும் கேட்கலாம்.

படி 5: விசாரணையும் கால வரம்பும்

உரிமைக்கோரல் மனுவும் எதிர்வுரையும் ஆறு மாதங்களுக்குள் முடிய வேண்டும். உள்நாட்டு வழக்குகளில் அதிலிருந்து 12 மாதங்களுக்குள் தீர்ப்பு வர வேண்டும். இரு தரப்பும் இசைந்தால் மேலும் ஆறு மாதங்கள் நீட்டிக்கலாம், அதற்கு மேல் நீதிமன்ற அனுமதி தேவை. இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால், 29பி பிரிவின் விரைவு நடைமுறையில், பெரும்பாலும் ஆவணங்களை மட்டும் வைத்து, ஆறு மாதங்களில் முடித்துவிடலாம். ரசீதுகளும் சரக்குச் சீட்டுகளும் ஒழுங்காக உள்ள சிறு வணிகருக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

படி 6: தீர்ப்பை நிறைவேற்றுங்கள்

தோற்றவர் 34ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பை ரத்து செய்யக் கோர மூன்று மாதங்கள் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாட்கள், அதற்கு மேல் இல்லை. அந்த மனு போடப்பட்டாலே தீர்ப்பு தானாக நின்றுவிடும் என்ற பழைய நிலையை 2015 திருத்தம் மாற்றிவிட்டதால், தடை வேண்டுமென்றால் தனியாக மனுச் செய்து பெற வேண்டும். காலவரம்பு கடந்ததும், 36ஆம் பிரிவின்படி, நடுவர் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றப்படும். எதிர்த்தரப்பின் சொத்து எங்கு உள்ளதோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே நேரடியாக நிறைவேற்று மனுவைத் தாக்கல் செய்யலாம் என்று 2018இல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே சட்ட இருப்பிடம் சென்னையாக இருந்தாலும், திருப்பூர்க்காரர் தம் மனுவை வாங்குநரின் கிடங்கு இருக்கும் தில்லியிலேயே போடலாம்.