பேக்கப் சீக்கிரம் முடிய பிக்-ஜீ

லினக்ஸில் பெரிய ஃபோல்டரை ஜிஜிப்பால் சுருக்கி பேக்கப் எடுப்பவர்கள், அதற்குப் பதில் பிக்-ஜீயைப் போட்டுப் பாருங்கள். பி, ஐ, ஜி, இசட் (pigz) என்று தேடினால் கிடைக்கும், இலவசம். ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையில் சின்ன இசட்டை (z) எடுத்துவிட்டு, தனியாகப் பெரிய ஐ (-I) போட்டு இந்தப் பெயரைக் கொடுத்தால் போதும்.

ஜிஜிப், ப்ராசஸருக்குள் இருக்கும் கோர்களில் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில்) ஒன்றில்தான் ஓடும். எட்டு கோர் இருந்தாலும் மற்ற ஏழும் சும்மா கிடக்கும். பிக்-ஜீ டேட்டாவை 128 கேபி துண்டுகளாக்கி எல்லா கோர்களுக்கும் பங்கு போடுகிறது. கிடைப்பது வழக்கமான ஜிஜிப் ஃபைல்தான், யாரும் எப்போதும்போலத் திறக்கலாம். எழுதிய மார்க் ஆட்லர் ஜிஜிப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், எனவே தைரியமாக நம்பலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் கடலூர் பக்கத்து அலுவலகங்களுக்கு, யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் பேக்கப் முடிவது பெரிய விஷயம்.

பகலில் பில்லிங் ஓடும் சர்வர் என்றால் பிக்-ஜீக்குச் சின்ன பி (-p) போட்டு கோர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். விரிக்கும்போது இந்த வேகம் வராது, அது ஒரு கோர் வேலைதான். ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக் படங்கள், வீடியோக்களுக்கு இது வீண். பழைய யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் டிஸ்க்கின் வேகம்தான் கிடைக்கும்.