பழைய ஐபாடுக்கு ராக்பாக்ஸ் நாமளே கட்டி, வருஷக்கணக்கா ஓட வைக்கிறது எப்படி

ராக்பாக்ஸ்ங்கறது பழைய மியூசிக் பிளேயர்ல கம்பெனி சாஃப்ட்வேருக்குப் பதிலா போடுற இலவச சாஃப்ட்வேர். அதை இன்ஸ்டால் பண்றது எப்படின்னு ஆயிரம் பேர் சொல்லிட்டாங்க, யுட்டிலிட்டியை டவுன்லோட் பண்ணி நாலு பட்டன் அமுக்குனா வேலை முடிஞ்சுது. நான் சொல்லப் போறது அது இல்ல. சோர்ஸ் கோடுல இருந்து நாமளே பில்ட் (அதாவது கம்பைல்) பண்ணி, அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷமும் அதே மாதிரி பில்ட் பண்ற நிலைமையில வச்சிருக்கிறது எப்படிங்கறதுதான் விஷயம். ஏன்னா இந்த பிளேயர் எதுவும் இனிமே புதுசா வரப்போறதில்ல, ஐபாட் கிளாசிக்கை ஆப்பிள் 2014லயே நிறுத்திட்டாங்க, இருக்குறதை ஓட்டணும்னா சாஃப்ட்வேர் பக்கம் நம்ம கையில இருந்தாகணும்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: ராக்பாக்ஸ் 2001ல ஆர்கோஸ் ஜூக்பாக்ஸ் பிளேயருக்காக ஸ்வீடன்ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ், சி-யும் கொஞ்சம் அசெம்ப்ளியும். 3.0 வந்தது 2008ல, 3.15 வந்தது 2019ல, அப்புறம் ரொம்ப நாள் ரிலீஸே இல்லாம 4.0 வந்தது 2025ல. நடுவுல செத்துப்போச்சுன்னு நிறைய பேர் நினைச்சாங்க, ஆனா கோடு மாத்தங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட்ல கமிட் (ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) விழுந்துட்டேதான் இருந்துச்சு. ரிலீஸ் நம்பரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, கமிட் லாகைப் பாருங்க.

உதாரணத்துக்கு ஐபாட் வீடியோவை எடுத்துக்கறேன், அதாவது 2005ல வந்த அஞ்சாவது ஜெனரேஷனும் 2006ல வந்த அஞ்சரையும். உள்ள போர்ட்டல்பிளேயர் சிப்பு, ரெண்டு ஆர்ம்7 கோர், டிஜிட்டல் பாட்டை சத்தமா மாத்துற உல்ஃப்சன் டாக் சிப்பு. 30 ஜிபி மாடல்ல 32 எம்பி ராம், 60, 80 ஜிபி மாடல்ல 64 எம்பி. ரெண்டுக்கும் தனித்தனி பில்ட் வேணுமோன்னு பயப்பட வேணாம், 64க்கு பில்ட் ஆகும், ஓடும்போது எவ்ளோ இருக்குன்னு பாத்து அதுவே குறைச்சுக்கும்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சு புரிஞ்சுக்கங்க. ஆன் பண்ணதும் முதல்ல ஓடி மத்ததை எழுப்புற பூட்லோடர் வேற, பிளேயரையே நடத்துற சாஃப்ட்வேரான மெயின் ஃபர்ம்வேர் வேற. பூட்லோடரை ஐபாட்பேட்சர்ங்கற டூலை வச்சு ஒரே ஒரு தடவை போட்டா போதும். நாம தினமும் பில்ட் பண்ணி மாத்துறது .ராக்பாக்ஸ் ஃபோல்டர்ல இருக்குற மெயின் ஃபர்ம்வேரை மட்டும்தான். அதனால நீங்க எவ்ளோ கேவலமான பில்ட் போட்டாலும் ஐபாட் செத்துடாது, மெனுவும் நடு பட்டனும் சேத்து அமுக்கி ரீசெட் பண்ணி, உடனே நடு பட்டனும் பிளே-வும் அமுக்கிப் பிடிச்சா டிஸ்க் மோடு வந்துடும், அது ஐபாடோட ஃப்ளாஷ் ரோம்ல இருக்குறதால டிஸ்க்குல என்ன இருந்தாலும் வரும். கம்ப்யூட்டர்ல சொருகி பழைய ஃபோல்டரைத் திருப்பிப் போட்டுக்கலாம். சான்டிஸ்க் கிளிப் ப்ளஸ் மாதிரி ஆளுங்களுக்கு இவ்ளோ சொகுசு கிடையாது, அதுல பூட்லோடரை கம்பெனி ஃபர்ம்வேருக்குள்ளயே சொருகித்தான் போடணும், அதனால அதுல பூட்லோடரை மட்டும் சும்மா சும்மா மாத்தி விளையாடாதீங்க.

இன்னொண்ணு, ஐபாட் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்ல ஃபார்மேட் ஆனதா இருந்தா ராக்பாக்ஸ் ஏறாது, விண்டோஸ்ல வர்ற ஃபேட்32 ஃபார்மேட்டுக்கு மாத்தணும். முதல்ல பாட்டெல்லாம் பேக்கப் எடுத்துட்டு மாத்திக்கங்க.

சரி, டூல்செயின், அதாவது பில்ட் பண்றதுக்கு வேணுங்கற கம்பைலரும் கூட வர்ற டூல்களும். எல்லாருக்கும் மூச்சு வாங்குற இடம் இதுதான், அதனால நிதானமா சொல்றேன்.

உங்க லேப்டாப்புல இருக்குற ஜிசிசி கம்பைலர் இன்டெல் சிப்புக்கு கோடு தள்ளும், ஐபாடுக்கு ஆர்ம் கோடு வேணும், அதுக்கு க்ராஸ் கம்பைலர். கடையில கிடைக்கிற மாதிரி லினக்ஸ் டிஸ்ட்ரோவோட ஆர்ம் கம்பைலரை எடுத்துப் போட்டுடலாமேன்னு தோணும், வேணாம். ராக்பாக்ஸ் டீம் ஒரு குறிப்பிட்ட ஜிசிசி வெர்ஷனை வச்சு டெஸ்ட் பண்றாங்க, வேற வெர்ஷன்ல பில்ட் ஆகும், ஆனா அது எடுக்குற ராம் அளவு மாறும், டைமிங் மாறும், அப்புறம் எங்கயோ ஒரு பாட்டு நடுவுல தொங்கும், காரணமே கண்டுபிடிக்க முடியாது. சோர்ஸ்ல டூல்ஸ் ஃபோல்டருக்குள்ள ராக்பாக்ஸ்டெவ்னு ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட் இருக்கு, அதை ஓட்டுனா எந்த ஆர்க்கிடெக்சர் வேணும்னு கேக்கும், ஐபாட், சான்சா எல்லாத்துக்கும் ஆர்ம், பழைய ஐரிவர் ஹெச்100 வகையறாவுக்கு எம்68கே, சில சீன பிளேயர்களுக்கு மிப்ஸ். உங்களுக்கு வேணுங்கறதை மட்டும் சொல்லுங்க, எல்லாத்தையும் கட்டுனா மணிக்கணக்கா ஃபேன் கத்தும்.

ஓட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் இருக்கான்னு பாத்துக்கங்க: ஜிசிசி, ஜி++, மேக் (make), பேட்ச், பெர்ல், பைசன், ஃப்ளெக்ஸ், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், டெக்ஸ்இன்ஃபோ, ஜிப், அப்புறம் லிப்டூல். டெபியன், உபுன்டுல லிப்டூல் பேக்கேஜ் போட்டும் லிப்டூல் இல்லன்னு சொல்லும், அதுக்கு லிப்டூல்-பின்னு தனியா ஒரு பேக்கேஜ் இருக்கு, அதையும் சேத்துப் போடணும்.

ஸ்க்ரிப்ட் சும்மா விட்டா யூஎஸ்ஆர் லோக்கல்ல இன்ஸ்டால் பண்ணும், அதுக்கு ரூட் பர்மிஷன் வேணும். எங்க இன்ஸ்டால் ஆகணும்னு சொல்ற ப்ரீஃபிக்ஸ் வேரியபிளை உங்க ஹோம் ஃபோல்டருக்கு மாத்தி விட்டுட்டு, அதோட பின் (bin) ஃபோல்டரை பாத்-ல (PATH) சேத்துடுங்க, சூடோவே தேவைப்படாது. டவுன்லோட் ஆகுற டார் ஃபைலெல்லாம் டெம்ப் ஃபோல்டர்ல போய் உக்காரும், ரீபூட் பண்ணா காணாம போயிடும், அதனால வேலை முடிஞ்ச கையோட அந்த டார் ஃபைலையும் பேட்ச் ஃபைலையும் வேற இடத்துல காப்பி பண்ணி வைங்க. நாளைக்கு ஏதோ ஒரு மிர்ரர் போயிடுச்சுன்னா நீங்க தவிக்க மாட்டீங்க.

இப்போ பராமரிப்புக்கு வருவோம். 3.15 காலத்துல ஆர்ம்-க்கு ஜிசிசி 4.4.4தான், 2010ல வந்த சரக்கு. இப்போ இருக்குற கோடு 9.5-க்கு மாறிடுச்சு. நீங்க பழைய 3.15ஐ அப்படியே திருப்பிக் கட்டணும்னு வைங்க (ஆர்கோஸ் வச்சிருக்கவங்களுக்கு அதான் வழி, அதுக்கப்புறம் ஆர்கோஸ் கோடையே தூக்கிட்டாங்க), இன்னைக்கு இருக்குற புது லினக்ஸ்ல அந்தக் காலத்து ஜிசிசியைக் கட்ட உக்காந்தா டாக்குமென்டேஷன் கட்டத்துலயே மேக்இன்ஃபோ எரர் அடிக்கும், அதைத் தாண்டுனா சி++ கோடுல எரர், அதைத் தாண்டுனா இன்னொண்ணு. ஒவ்வொண்ணா பேட்ச் பண்ணி சண்டை போடுறவங்க போடலாம், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. அந்தக் காலத்து டெபியனை டாக்கர் கன்டெய்னர்ல (உங்க லினக்ஸுக்குள்ளயே தனியா ஓடுற ஒரு பெட்டி மாதிரி) எழுப்பி அதுக்குள்ள கட்டுங்க, பேசாம கட்டும். கட்டி முடிச்சதும் அந்த இமேஜை டார் ஃபைலா சேவ் பண்ணி ஹார்ட் டிஸ்க்குல போட்டு வைங்க. புது டூல்செயினுக்கும் இதையே பண்ணுங்க, இன்னும் அஞ்சு வருஷத்துல 9.5-ம் அதே கதிக்கு வரத்தான் போகுது.

பில்ட் பண்றது இதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. கிட்ல க்ளோன் பண்ணுங்க, உள்ள ஒரு தனி பில்ட் ஃபோல்டர் போடுங்க, ஒவ்வொரு பிளேயருக்கும் ஒவ்வொரு ஃபோல்டர், கலக்காதீங்க. அந்த ஃபோல்டருக்குள்ள நின்னு மேல் ஃபோல்டர்ல இருக்குற டூல்ஸ் கான்ஃபிகரை ஓட்டுங்க, பெரிய லிஸ்ட் காட்டும், ஐபாட் வீடியோவுக்கு நேரா இருக்குற நம்பரை அடிங்க, அடுத்து எந்த மாதிரி பில்ட்னு கேக்கும், நார்மல்னு சொல்லுங்க. அப்புறம் மேக் கமாண்ட். சில நிமிஷத்துல முடிஞ்சுடும். முதல் தடவை மேக் ஃபுல்ஜிப் குடுங்க, அதுல ஃபான்ட்டும் சேந்து வரும், அடுத்த தடவைல இருந்து மேக் ஜிப் போதும். கிட் புல் பண்ணி புது கோடை இறக்குனதுக்கப்புறம் ஏதாவது விநோதமா எரர் வந்தா, உடனே கோடு மேல பழி போடாம மேக் ரீகான்ஃப் குடுத்து, க்ளீன் பண்ணி மறுபடி கட்டிப் பாருங்க, பாதி எரர் அதுலயே ஓடிடும்.

வர்ற ஜிப்பை ஐபாடோட ரூட்ல விரிச்சா .ராக்பாக்ஸ் ஃபோல்டர் மேலயே எழுதிக்கும், உங்க செட்டிங்ஸ் ஃபைலைத் தொடாது. அவசரத்துல மெயின் ஃபர்ம்வேர் ஃபைலை மட்டும் காப்பி பண்றவங்க இருக்காங்க, பண்ணாதீங்க, ப்ளகின் எல்லாம் பழைய வெர்ஷனாவே இருக்கும், திறந்தா வெர்ஷன் ஒத்துப்போகலன்னு சொல்லிடும். முழு ஜிப்பையும் விரிங்க. விரிச்சதும் கேபிளை அப்படியே பிடுங்காம இஜெக்ட் பண்ணுங்க, ஃபேட்32 அதைத் தாங்காது.

அடுத்து சொல்றதை யாரும் செய்யறதில்ல, ஆனா பின்னாடி உங்களைக் காப்பாத்தப் போறதே இதுதான். பில்ட் ஃபோல்டர்ல எல்ஃப் ஃபைலும் மேப் ஃபைலும் இருக்கும், எந்தக் கோடு எந்த அட்ரஸ்ல இருக்குன்னு அதுங்களுக்குத்தான் தெரியும். பிளேயர்ல போட்ட ஒவ்வொரு பில்டுக்கும் இந்த ரெண்டையும் கமிட் நம்பரைப் பேரா வச்சு எடுத்து வைங்க. ஒரு நாள் பாட்டு கேட்டுட்டு இருக்கும்போது ஸ்க்ரீன் வெள்ளையா மாறி டேட்டா அபார்ட்னு ஒரு எரர், மெமரி அட்ரஸோட வந்து நிக்கும். அந்த அட்ரஸை எழுதிக்கிட்டு, ஆர்ம் டூல்செயினோட வர்ற அட்ரஸ்-டு-லைன் டூல்ல அதே பில்டோட எல்ஃப் ஃபைலைக் குடுத்தா எந்த ஃபைல்ல எத்தனாவது லைன்ல விழுந்துச்சுன்னு சொல்லிடும். எல்ஃப் இல்லன்னா அந்த நம்பர் வெறும் நம்பர்தான், வேற பில்டோட எல்ஃப் குடுத்தா இன்னும் மோசம், சம்பந்தமே இல்லாத லைனைக் காட்டி நாள் பூரா அலைய விடும். எந்த பில்ட் ஓடுதுன்னு சிஸ்டம் மெனுல ராக்பாக்ஸ் இன்ஃபோவுல பாக்கலாம்.

போன மாசம் நல்லா இருந்துச்சு இப்போ இல்லன்னா கிட் பைசெக்ட் இருக்கவே இருக்கு. நல்ல கமிட் ஒண்ணு, கெட்ட கமிட் ஒண்ணு சொல்லிட்டா நடுவுல பாதி பாதியா வெட்டிக்கிட்டே போகும், நூறு கமிட் இருந்தாலும் ஏழு பில்டுல ஆள் மாட்டிக்கும். ஒவ்வொரு தடவையும் ஐபாடைச் சொருகி எடுக்கணும், அலுப்புதான். யூஐ, தீம், லாங்வேஜ் மாதிரி விஷயமா இருந்தா சிமுலேட்டர் போதும்: கான்ஃபிகர்ல நார்மலுக்குப் பதிலா சிமுலேட்டர்னு குடுங்க, எஸ்டிஎல் லைப்ரரி வேணும், மேக், மேக் இன்ஸ்டால், லேப்டாப்பு ஸ்க்ரீன்லயே ஐபாட் வந்து நிக்கும். ஆனா பேட்டரி, டிஸ்க், ஆடியோ டைமிங் ப்ராப்ளத்துக்கு சிமுலேட்டரை நம்பாதீங்க, அங்க எல்லாம் ஒழுங்கா ஓடும்.

சிமுலேட்டர்னதும் ஞாபகம் வருது, தமிழ்ல டேக் போட்ட பாட்டுங்க. யூனிஃபான்ட்ங்கற ஃபான்ட்டைப் போட்டா எழுத்து வரும், ஆனா எழுத்தை இடம் மாத்தி அடுக்குற ஷேப்பிங் இஞ்சின் உள்ள இல்ல, அதனால கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். அரபிக்கும் ஹீப்ருவுக்கும் வேலை செஞ்சு வச்சிருக்காங்க, நம்ம பக்கம் யாராவது உக்காந்தா நல்ல வேலை ஒண்ணு காத்துட்டு இருக்கு.

பேட்டரிக்கு வருவோம், ஏன்னா பழைய பிளேயர்ல பாதி பிரச்சனை அங்கதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்டி கார்டு அடாப்டர் போட்டு, காலியான இடத்துல பெரிய பேட்டரியைத் திணிக்கிறது இப்போ சகஜம். போட்டதும் செட்டிங்ஸ்ல பேட்டரி கெப்பாசிட்டியை மாத்துறாங்க, அப்புறமும் பர்சன்டேஜ் தப்பா காட்டுதேன்னு புலம்புறாங்க. அந்த செட்டிங் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும்ங்கற கணக்குக்குத்தான். பர்சன்டேஜ் வர்றது வோல்டேஜ்ல இருந்து, சோர்ஸ் கோடுல ஒவ்வொரு பிளேயருக்கும் 0ல இருந்து 100 வரைக்கும் பத்துப் பத்தா 11 வோல்டேஜ் எழுதி வச்ச டேபிள் இருக்கு, அது ஒரிஜினல் பேட்டரிக்கு அளந்தது.

சரியா வேணும்னா நீங்களே அளக்கணும். முழுசா சார்ஜ் போடுங்க, ப்ளகின்ஸ்ல பேட்டரி பெஞ்ச்னு ஒண்ணு இருக்கு, அதை ஸ்டார்ட் பண்ணுங்க, ஒரு ப்ளேலிஸ்ட்டை ரிப்பீட்ல விட்டுட்டு கையை எடுத்துடுங்க, அது பின்னாடியே ஓடி நேரத்தையும் வோல்டேஜையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதிக்கிட்டே இருக்கும், தானா ஆஃப் ஆகுற வரைக்கும் தொடாதீங்க. அப்புறம் அந்த ஃபைலை ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு, மொத்த நேரத்தைப் பத்தாப் பிரிச்சு, ஒவ்வொரு புள்ளியிலயும் வோல்டேஜ் என்னன்னு எடுத்தா உங்க டேபிள் ரெடி. அதைக் கோடுல மாத்தி பில்ட் பண்ணுங்க. பக்கத்துலயே ஷட்ஆஃப் வோல்டேஜும், டிஸ்க்குல எழுதலாமா வேணாமான்னு முடிவு பண்ற வோல்டேஜும் இருக்கும், அதைக் கீழ இறக்கி இன்னும் பத்து நிமிஷம் கறக்கலாம்னு பாக்காதீங்க, எழுதும்போது பவர் போனா ஃபைல் சிஸ்டமே காலி. பேட்டரி உப்பியிருந்தா அளக்குற வேலையே வேணாம், கழட்டிடுங்க.

உங்க மாத்தம் உங்களுக்கு மட்டும்னா லோக்கல் ப்ராஞ்ச்ல வச்சுக்கிட்டு அப்பப்போ ரீபேஸ் பண்ணிக்கங்க, அதாவது புது கோடு மேல உங்க மாத்தத்தைத் திருப்பி ஏத்திக்கங்க. ஆனா நிறைய மாத்தம் சேந்துட்டா ரீபேஸ் நரகமாயிடும், அதனால மத்தவங்களுக்கும் உதவுற மாத்தமா இருந்தா மெயின் கோடுக்கு அனுப்பிடுறது உங்களுக்கே லாபம், அப்புறம் அதைப் பாத்துக்கறது உங்க தலைவலி மட்டும் இல்ல. அனுப்புன கோடை மத்தவங்க பாத்து சரின்னு சொல்ற கெரிட் சைட்ல அக்கவுன்ட் போட்டு, அது கேக்குற கமிட் ஹூக்ங்கற குட்டி ஸ்க்ரிப்டை இன்ஸ்டால் பண்ணி புஷ் பண்ணணும். கோடுல வரியை உள்ள தள்ள டேப் போடாதீங்க, நாலு ஸ்பேஸ், ஒரு கமிட்ல ஒரு விஷயம். ஐபாடுக்குன்னு எழுதுனது பொதுவான கோடுக்குள்ள போகுதுன்னா வெறும் 2 எம்பி ராம் இருக்குற முதல் சான்சா கிளிப்பையும் நினைச்சுப் பாருங்க, உங்களுக்கு 4 கேபி பஃபர் பெருசா தெரியாது, அதுக்குத் தெரியும். கோடு உள்ள போனதும் பில்ட் ஃபார்ம் (பில்ட் பண்றதுக்குன்னே இருக்குற கம்ப்யூட்டர் கூட்டம்) எல்லா பிளேயருக்கும் கட்டிப் பாத்து எங்க எரர், எங்க வார்னிங், சைஸ் எவ்ளோ ஏறுச்சுன்னு டேபிள் போடும், அதுல உங்க கமிட்டுக்கு நேரா எங்கயாவது வார்னிங் வந்தா, உங்ககிட்ட அந்த பிளேயர் இல்லன்னாலும் அதுக்கான டூல்செயினைக் கட்டி அன்னைக்கே சரி பண்ணி அனுப்பிடுங்க.