செடானைக் கொடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கும் முன்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடம் ஆசையை அடக்கி வைத்திருந்தவர்கள் இப்போது கணக்குப் பார்க்கிறார்கள். வீட்டில் நிற்பது ஒரு அக்சியோ, அலியன், அல்லது பழைய 121 கொரோலா. திறப்பைப் போட்டால் ஓடும், கராஜுக்குப் போவது ஒயில் மாற்ற மட்டும்தான். கண் போவது டொயோட்டா 86 இலோ, ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டிலோ, டேர்போ சிவிக்கிலோ. ஆசையில் பிழையில்லை. கை சொன்னபடி கேட்கும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓடுவது உண்மையான சந்தோசம். ஆனால் வன்னியில் இந்த மாற்றம் சரிவராமல் போவது எஞ்சினால் அல்ல. ஒழுங்கையாலும், உதிரிப்பாகத்தாலும், பின் சீற்றில் இருக்க வேண்டியவர்களாலும்தான்.

ஏ9 ஐ வைத்து வீதியைக் கணிப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் தாண்டி ஆனையிறவு வரை ஏ9 நல்ல காப்பெற் வீதி. அதில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். ஆனால் உங்கள் கார் தினமும் காலையில் முதலில் சந்திப்பது ஏ9 ஐ அல்ல. வீட்டுக் கேற்றுக்கு முன்னால் உள்ள மதகு, பிறகு கிரவல் ஒழுங்கை, அதன் நடுவில் உழவு இயந்திரச் சில்லுகள் இரண்டு பக்கமும் அமுக்கி எழுப்பி விட்ட மேடு.

அலியன், அக்சியோ போன்ற கார்களின் அடிப்பாகம் நிலத்திலிருந்து 150 முதல் 160 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும். டொயோட்டா 86 இல் அது 130 அளவில், புதிய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் 120. தாளில் பார்த்தால் மூன்று நான்கு சென்ரிமீற்றர் வித்தியாசம். நாலு பேரும் சாமானும் ஏறினால் எந்தக் காரும் இன்னும் சில சென்ரிமீற்றர் பணியும். அதோடு முன்னைய உரிமையாளர் ஸ்பிரிங் வெட்டியோ கோயில்ஓவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்–ஷொக் சோடி) போட்டோ இறக்கியிருந்தால் 100 மில்லிமீற்றர்கூட மிஞ்சாது. அதன்பிறகு ஒழுங்கை மேட்டில் உரசுவது பம்பர் மட்டுமல்ல, எஞ்சின் ஒயில் நிற்கும் சம்ப். சம்ப் வெடித்தது தெரியாமல் ஒயில் லைட் எரிந்த பிறகும் இரண்டு கிலோமீற்றர் ஓடினால் எஞ்சின் முடிந்தது.

இதை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். ஒரு நேரான பலகையை ஒழுங்கைக்குக் குறுக்கே, நடு மேட்டின் மேல் மட்டமாக வையுங்கள். பலகையின் அடியிலிருந்து சில்லுத் தடத்தின் அடிவரை அளவு ரேப்பால் அளந்து பாருங்கள். ஏ9 ஏறும்வரை மேடு அதிகமாகத் தெரியும் ஐந்தாறு இடங்களில் இதைச் செய்யுங்கள். ஓரிடத்திலாவது 100 மில்லிமீற்றருக்கு மேல் வந்தால், பார்க்கிற காரின் எண்ணோடு ஒப்பிட்டு ஒருமுறை நிதானியுங்கள். மாரி முடிந்த கையோடு, தடம் ஆழமாக இருக்கும்போது அளப்பதுதான் சரி. கிரேடர் போட்டுச் சமன் செய்த கிழமையில் அளந்தால் ஏமாறுவீர்கள்.

ரயர் இன்னொரு கதை. செடானில் வழமையாக வரும் 195/65 ஆர் 15 ரயரின் பக்கச்சுவர் உயரம் கிட்டத்தட்ட 127 மில்லிமீற்றர் (195 இன் 65 வீதம்). 86 இல் வரும் 215/45 ஆர் 17 இல் அது 97 தான். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 195/45 ஆர் 17 இல் 88. குழிக்குள் விழும் அடியை வாங்குவது அந்தப் பக்கச்சுவர்தான். அது குறைந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும். வளைந்த அலோய் ரிம்மை நிமிர்த்தலாம், வெடித்ததை ஒட்டி ஓடக்கூடாது. ஜப்பானிலிருந்து வரும் பல மாதிரிகளில் ஸ்பெயார் வீலே இல்லை. பஞ்சர் திரவமும் சின்னக் கொம்பிரசரும்தான் இருக்கும். ஆணி ஏறிய துளைக்கு அது போதும், கல் வெட்டிய பக்கச்சுவருக்கு ஒன்றும் செய்யாது. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானுக்கு அங்கால் இரவில் அது நடந்தால், காட்டுக்குள் யானை நிற்கிற இடத்தில் காரியர் லொறி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு, பலர் யோசிப்பதில்லை. காலபோக நெல் வெட்டும்போது உள்வீதிகளில் நெல் காயும், வைக்கோல் பரவிக் கிடக்கும். உயரமான காருக்குக் கீழே வைக்கோல் படுத்துக் கிடக்கும். பணிந்த காரில் அது அடிப்பாகத்தில் சிக்கி, சைலன்சர் குழாயிலும் அதன் முன்னால் உள்ள, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரிலும் ஒட்டும். ஓடி வந்த கொன்வேட்டரின் சூடு காய்ந்த வைக்கோலைப் பற்ற வைக்கப் போதுமானது. வைக்கோலுக்கு மேலால் ஓடினால் நிறுத்தியதும் குனிந்து பாருங்கள். வைக்கோல் மேல் காரை நிறுத்தவே கூடாது.

மாரிக்கும் கணக்கு உண்டு. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மதகுகளுக்கு மேலால் தண்ணீர் பாயும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை யாரும் மறக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களில் காற்று இழுக்கும் வாய் பணிவாக இருப்பது வழமை. வெளியிலிருந்து வாங்கிப் பூட்டிய ‘கோல்ட் எயார் இன்ரேக்’ என்றால் இன்னும் பணிவு, பம்பருக்குப் பின்னாலேயே இருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இழுபட்டால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கொனெக்ரிங் ரொட் வளையும். அது திருத்த வேலை அல்ல, வேறு எஞ்சின் தேடும் வேலை.

களைத்துப்போன செடானோடு ஒப்பிடுவது

கார் மாற்ற நினைக்கும் பலர் உண்மையில் ஒப்பிடுவது இரண்டு மாதிரிகளை அல்ல. ஒன்றரை லட்சம் கிலோமீற்றர் ஓடி ரப்பர் எல்லாம் காய்ந்த ஒரு காரையும், விற்பனைக்குத் தயாராக்கி மினுக்கிய இன்னொன்றையும்தான். அலியன் ஆடுகிறது, வளைவில் சாய்கிறது, பிரேக் மிதி பஞ்சாக இருக்கிறது என்றால் அது செடானின் குணம் அல்ல, வயது.

விற்க முன் இதைச் செய்து பாருங்கள். நாலு ஷொக் அப்சோபரையும் பாருங்கள். குழாயில் ஒயில் ஈரம் இருந்தாலோ, காரின் மூலையை அமுக்கி விட்டதும் ஒருமுறைக்கு மேல் ஆடினாலோ, சோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. லோவர் ஆம் புஷ்கள், ஸ்டபிலைசர் லிங்க், எஞ்சின் மவுன்ட் மூன்றையும் லிவரால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறவேண்டியது. கறுத்துவிட்டால் பிந்திவிட்டது. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆம் வாரம் செய்தது. எங்கள் வெயிலில் ஆறு வருடம் தாண்டிய ரயரில் பட்டன் மிச்சமிருந்தாலும் பிடி இருக்காது. ரயர் நல்ல ரகமாகப் போடுங்கள். ஓட்டத்தின் குணத்தை அதைப்போல மாற்றுவது வேறொன்றும் இல்லை. பிறகு த்ரொட்டில் பொடி சுத்தம், கியர் ஒயில், கடைசியாக வீல் எலைன்மென்ட். எலைன்மென்ட் கடைசிதான். புஷ் மாற்ற முன் செய்தால் காசு வீண்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு, கார் மாற்றும்போது கையை விட்டுப் போகும் பணத்தில் சிறு துண்டு. ஒரு மாதம் ஓடுங்கள். அதன்பிறகும் ஆசை நின்றால் அது உண்மையான ஆசை, தாராளமாகத் தேடுங்கள். செலவும் வீணில்லை. காரை நல்ல விலைக்கு விற்கலாம்.

குதிரைவலுவைப் பார்த்து மயங்குவது

கட்டடங்கள் நிறைந்த பகுதிக்கு வெளியே காருக்குச் சட்ட வேகம் மணிக்கு 70 கி.மீ., ஊர்களுக்குள் 50. நூறில் ஓடலாம் என்றால் அதிவேக நெடுஞ்சாலைக்கு, அதாவது குருநாகல் பக்கம் போக வேண்டும். 200 குதிரைவலு எஞ்சின் இங்கே இரண்டாம் கியரைத் தாண்டாமலேயே சட்டத்தைத் தொட்டுவிடும். இரவில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வீதியில் படுத்திருக்கும் மாடு, லைட் வெளிச்சத்துக்குள் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே பார்க்க வேண்டியது வலுவை அல்ல, பாரம் குறைந்த உடம்பையும், நல்ல பிரேக்கையும், தெளிவான ஹெட்லைட்டையும். ஒரு தொன்னுக்குக் குறைந்த சின்னக் கார் 60 இலும் சந்தோசம் தரும். அந்த வகையில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இந்த வீதிகளுக்கு 86 ஐ விடப் பொருத்தம், ரயர் விசயத்திலும் அடிப்பாக உயரத்திலும் மட்டும் கவனம் வேண்டும்.

வீட்டாரைக் கேட்காமல் முடிவெடுப்பது

86 இல் பின் சீற் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வரை போகலாம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரை போக முடியாது. முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவையோ மாமியையோ கார் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். முன் சீற்றில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவுத் தூணைப் பிடித்து, யாராவது கைகொடுத்துத் தூக்கித்தான் எழும்ப முடிகிறது என்றால் அந்தக் கார் உங்கள் வீட்டின் ஒரே காராக இருக்க முடியாது. கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா, கட்டுநாயக்காவில் வந்திறங்கும் உறவுகளின் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் வான் பிடிக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். கைக் கியர் என்றால் வீட்டில் வேறு யார் அதை ஓடுவார் என்பதும் கேள்வி.

வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது

86 இன் அமுக்க விகிதம் 12.5:1. டேர்போ எஞ்சின்களிலும் சிலிண்டருக்குள் அழுத்தம் கூட. இவற்றுக்கு ஒக்ரேன் 95 பெற்றோல் வேண்டும். 92 அடித்தால் எஞ்சின் தட்டும், கம்பியூட்டர் அதைக் காப்பாற்ற வலுவைக் குறைக்கும். காசு கொடுத்து வாங்கிய வலு அங்கேயே போய்விடும். 92 எல்லாப் பெற்றோல் செட்டிலும் உண்டு. 95 எல்லாவற்றிலும் இல்லை. நீங்கள் ஓடும் பாதையில் எந்தெந்த செட்டில் 95 தொடர்ந்து கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். மாதம் 1000 கி.மீ. ஓடுபவர் லீற்றருக்கு 14 கி.மீ. தரும் செடானில் 71 லீற்றரும், 9 கி.மீ. தரும் காரில் 111 லீற்றரும் அடிப்பார். அந்த 40 லீற்றரை இன்றைய 95 விலையால் பெருக்கிப் பாருங்கள். 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். இந்தக் கணக்கில் ஒருவருக்கு 280 கி.மீ., மற்றவருக்கு 180.

உதிரிப்பாகம்தான் நீண்டகாலத் தலையிடி. வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் ஹையேஸ், கொரோலா, வாகன்ஆர், முச்சக்கரவண்டிக்கு எல்லாம் உடனே கிடைக்கும். 86 இன் சென்சருக்கோ சிவிக் டேர்போவின் குழாய்க்கோ கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குச் சொல்லி, பஸ்ஸில் பார்சலாக வரும்வரை கார் நிற்கும். வாங்க முன் உங்கள் மெக்கானிக்கிடமே கேளுங்கள்: “அண்ணை, இந்த எஞ்சின் கழற்றியிருக்கிறியளோ, ஸ்கேனர் இருக்கோ?” 86 இல் சிலிண்டர்கள் இரு பக்கமும் படுக்கையாக இருக்கும் படுத்த எஞ்சின். ப்ளக் இரண்டு பக்கமும் காரின் உடற்சட்டகத்தோடு ஒட்டிய இடுக்கில் இருக்கும், நிமிர்ந்த எஞ்சினில் அரைமணித்தியால வேலை இதில் பாதி நாள். ஹொண்டாவின் 1.0 லீற்றர் டேர்போவில் ரைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பிழையான ஒயில் விட்டால் பெல்ட் உரிந்து ஒயில் வடியை அடைக்கும். டேர்போ எதுவானாலும் எங்கள் புழுதிக்கு 5000 கி.மீ. இல் ஒயில், எயார் பில்டரை ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் பார்க்க வேண்டும்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மலிவாக வந்தால் விட்டுவிடுங்கள். அதன் ரொட்டரி எஞ்சின் ஒயிலை எரிப்பது வடிவமைப்பே. உள்ளே அமுக்கத்தைப் பிடித்து வைக்கும் ஏபெக்ஸ் சீல் தேய்ந்தால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. அமுக்கத்தை அளக்கவே தனி மீற்றர் வேண்டும்.

பத்திரமும் பரிசோதனையும்

ஜப்பானில் ஏலம் போனபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாளைக் கேளுங்கள். தரம் ஆர் (R) அல்லது ஆர்ஏ (RA) என்றிருந்தால் அடிபட்டுத் திருத்தியது. ஸ்போர்ட்ஸ் கார்களில் இது அதிகம். காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. நீங்கள் வர முன் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், செசி இலக்கங்களை வண்டியில் கண்ணால் பாருங்கள். எஞ்சின் மாற்றியது புத்தகத்தில் ஏறாவிட்டால் உங்களுக்குத்தான் பிரச்சினை. பூட்டிய மேலதிகச் சாமான்களைக் காப்புறுதிக்கு எழுத்தில் அறிவியுங்கள், இல்லையேல் விபத்தில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். லீசிங் எடுப்பதானால் மதிப்பீட்டு அறிக்கை வந்த பிறகுதான் முற்பணம் கொடுக்க வேண்டும். அரிதான காருக்கு மதிப்பீட்டாளர் போடும் விலை கேட்கும் விலையை விடக் குறைவாக வருவது வழமை, இடைவெளி உங்கள் கையிலிருந்து போகும்.

செடானை முதலில் விற்றுவிட்டு, கையில் காசோடு கார் தேடாதீர்கள். அலியன், அக்சியோ எப்போதும் விலைப்படும். ஸ்போர்ட்ஸ் கார் மனதுக்குப் பிடிக்காமல் திரும்ப விற்பதென்றால் வாங்குபவர் அநேகமாகக் கொழும்பில், மாதங்கள் ஆகும். செடானை விற்கும் நாளில் உரிமை மாற்றத்தை முடியுங்கள். வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுத்து விட்டால் கார் எத்தனை கை மாறினாலும் தண்டப்பணமும் விபத்து வழக்கும் உங்கள் பெயருக்கே வரும். படிவத்தின் பிரதி, வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, கையளித்த திகதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள், மூன்றையும் எடுத்து வையுங்கள்.