ஜிம்பாப்வேயின் சமயங்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிம்பாப்வேயில் எடுக்கப்படும் கணக்கெடுப்புகளில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் தம்மைக் கிறித்தவர் என்றே பதிவு செய்கின்றனர். இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே மரபு நம்பிக்கை ஏறக்குறைய மறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் செல்லும், நாட்டின் பெரும்பான்மை இனமான ஷோனாவைச் சேர்ந்த குடும்பமே, வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்து ஓராண்டு அளவில், இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்துவரும் ‘குரோவா குவா’ சடங்கையும் நடத்தக்கூடும். அதற்காகக் கேழ்வரகை முளைகட்டி, ஏறத்தாழ ஒரு வாரம் பக்குவம் பார்த்து மது காய்ச்சுவார்கள். உறவினர் கூடிக் கல்லறையில் அதை ஊற்றி, இனி வீட்டுக்கு வந்து பிள்ளைகளைக் காக்குமாறு இறந்தவரிடம் வேண்டுவார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கட்டத்தைத்தான் நிரப்ப முடியும் என்பதால் இந்த வாழ்க்கை அதில் பதிவாவதில்லை.

மூதாதையரை அவர்கள் கடவுளாக வணங்குகிறார்கள் என்று எழுதுவதும் சரியன்று. ஷோனா மக்களுக்குப் படைப்புக் கடவுள் ம்வாரி ஒருவரே. விவிலியத்தை மொழிபெயர்த்தவர்களும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். வட்ஸிமு எனப்படும் மூதாதையர் ஆவிகள் குடும்பத்தின் வேண்டுதலை மேலே கொண்டு சேர்ப்பவை.

தோற்றத்தை வைத்து ஒரு திருச்சபையை எடைபோடுவது இதைவிடப் பெரிய தவறு என்பேன். வெள்ளை அங்கி அணிந்து, காலணிகளைக் கழற்றிவிட்டுத் திறந்தவெளியில் வழிபடும் அப்போஸ்தலச் சபையினரைத் தலைநகர் ஹராரேயின் புறநகர்களில் எளிதில் காணலாம். 1932இல் தோன்றிய ஜோஹானே மராங்கே சபை அவற்றுள் பெரியது. ஆப்பிரிக்கரே தொடங்கி நடத்துவதாலும், ஆவி இறங்கித் தீர்க்கதரிசனம் சொல்வதாலும், இவர்கள் மரபுச் சமயத்தையும் கிறித்தவத்தையும் கலந்தவர்கள் என்று பலர் எழுதிவிடுகின்றனர். உண்மையில் மூதாதையர் சடங்கையும் மரபு மருத்துவரையும் மிகக் கடுமையாக எதிர்ப்பவர்களில் இச்சபையினர் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த கத்தோலிக்கத் திருச்சபையோ, தொடக்கத்தில் எதிர்த்தபோதிலும், பின்னர் குரோவா குவாவுக்கு ஏற்ப ஒரு கிறித்தவ வழிபாட்டு முறையை உருவாக்கிக்கொண்டது.

நாங்கா எனப்படும் மரபு மருத்துவரைச் சூனியக்காரர் என்று குறிப்பிடுவது அவரை அவமதிப்பதாகும். நோய்க்குக் காரணம் கண்டறிந்து மருந்து கொடுப்பவரும், சூனியத்திலிருந்து காப்பவரும் அவர்தாம். காலனி அரசின் 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவர் மற்றவரைச் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டுவதையே குற்றமாக்கியது. சூனியம் வைத்தவர் யார் என்று கண்டு சொல்வதும் நாங்காக்களின் வழக்கம் என்பதால், அதன் நிழல் அவர்கள் மீதும் நெடுங்காலம் விழுந்திருந்தது. விடுதலைக்குப் பிறகு, 1981இல், அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது.

ஷோனா வழக்கத்தை நாடு முழுமைக்கும் பொதுவாக்குவதும் வேண்டாம். கரிபா அணை கட்டப்பட்டபோது இடம்பெயர்க்கப்பட்ட டோங்கா மக்கள், சாம்பெசி ஆற்றில் வாழும் நியாமினியாமி என்னும் நீர்த்தெய்வத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். தெற்கே மடோபோ குன்றுகளில் உள்ள நிஜெலெலே குகைத்தலத்துக்கோ இந்தெபெலே, ஷோனா, கலாங்கா மக்கள் எனப் பலரும் மழை வேண்டி வருகின்றனர்.

உலோகப் பட்டைகளை விரல்களால் மீட்டி வாசிக்கும் ம்பிராவை வெறும் இசைக்கருவியாகக் கருதுவோரும் உண்டு. சுரைக்குடுக்கையின் மேல் கோத்த சோடா மூடிகள் கரகரவென்று அதிர்வதைக் குறை என்று எண்ணி ஒலிப்பதிவில் நீக்க முயல வேண்டாம்; அந்த அதிர்வும் இசையின் ஒரு பகுதியே. ‘பிரா’ என்னும் இரவுச் சடங்கில் விடியும்வரை இவ்விசை ஒலிப்பது, மூதாதையர் ஆவி, தன் சார்பில் பேசும் ஊடகர்மீது (அதாவது சாமியாடியைப் போன்றவர்மீது) இறங்க வேண்டும் என்பதற்காகத்தான். அதை நேரில் காண விரும்புவோர் நவம்பர் மாதத்தில் பயணத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. ஷோனா மரபில் அது புனித மாதம். அப்போது பிராவோ, குரோவா குவாவோ, திருமணமோ நடத்தமாட்டார்கள்.