இலையுதிர் காலத்தில் பியோனியை இடம் மாற்றுதல்

கனடாவின் டொராண்டோ போன்ற குளிர்ப்பகுதித் தோட்டங்களில், பெரிய பூக்கள் பூக்கும் பல்லாண்டுச் செடியான பியோனியை இடம் மாற்ற, மண் உறைவதற்கு 6 வாரங்களாவது மீதமிருக்கும் செப்டம்பரே ஏற்ற காலம். தண்டுகளைத் தரையோடு ஒட்ட வெட்டி, கரும்புள்ளி விழுந்த இலைகளை உரக்குழியில் சேர்க்காமல் அப்புறப்படுத்த வேண்டும். அவற்றில் தங்கும் பூஞ்சணம் வசந்தத்தில் மீண்டும் தலைதூக்கும். கிழங்கை அகலமாகத் தோண்டியெடுத்து, ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் 3 முதல் 5 வரை இளஞ்சிவப்பு முளைமொட்டுகள் இருக்குமாறு கூரிய கத்தியால் பிரிக்க வேண்டும். நடும்போது முளைமொட்டுகளின் மேல் 5 சென்டிமீட்டருக்கு அதிகமாக மண் ஏறக்கூடாது; இலை செழித்தும் பூக்காமல் நிற்கும் பியோனிகள் பலவும் ஆழமாக நடப்பட்டவையே. நட்டதும் நன்கு நீர் ஊற்ற வேண்டும். அடுத்த ஆண்டே பூவை எதிர்பார்க்க வேண்டாம், இது நிதானமான செடி. பாத்தியிலுள்ள எக்கினேசியா என்ற பூச்செடியின் காய்ந்த பூத்தலைகளை மட்டும் நான் வெட்டுவதில்லை. பனிக்காலத்தில் கோல்ட்ஃபின்ச் குருவிகள் அவற்றின் விதைகளைத் தேடி வரும்.