அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் முதல் தடவை யூஸ் பண்றீங்களா? இப்படி ஆரம்பிங்க

அடாப்டிவ் க்ரூஸ்னா, நீங்க செட் பண்ண ஸ்பீடுல கார் தானா போகும், முன்னாடி வண்டி மெதுவா போனா தானா ஸ்பீடை குறைச்சு கேப் விடும். ஏடாஸ் (டிரைவருக்கு உதவற இந்த மாதிரி எலக்ட்ரானிக் வசதிகள்) வேணும்னு டாப் வேரியன்ட்டா பாத்து வாங்கிட்டு, அந்த க்ரூஸ் பட்டனை தொடவே பயப்படறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்குதான் இது. ஆன் பண்றது ஈஸி, எப்போ ஆஃப் பண்ணணும்ங்கறதுதான் மேட்டரே. ஹூண்டாய் வெர்னா ஆட்டோமேட்டிக்கை வச்சு சொல்றேன், மத்த கார்ல பட்டன் இடம் கொஞ்சம் மாறும்.

கிளம்பறதுக்கு முன்னாடி முன்பக்க கிரில்லை பாருங்க. கீழ தட்டையா ஒரு பிளேட் மாதிரி இருக்கே, அதுதான் முன்னாடி போற வண்டியை கண்டுபிடிக்கற ரேடார். சேறு, ஆயுத பூஜைக்கு போட்ட மாலை, சந்தனம், எது மறைச்சாலும் சிஸ்டம் வேலை செய்யாது. துணியால துடைச்சுடுங்க, பம்பர் கார்டு மாட்டாதீங்க.

பழகறதுக்கு சிட்டி ரோடு வேணாம். செங்கல்பட்டு பக்கம் பரனூர் டோல் தாண்டி திருச்சி ரோட்டுல பகல்ல, மழை இல்லாதப்போ ட்ரை பண்ணுங்க. 80 வந்ததும் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கற க்ரூஸ் பட்டனை அழுத்துங்க, அந்த ஸ்பீடே செட் ஆகிடும் (சில கார்ல ஆன் பண்ணிட்டு தனியா செட் அழுத்தணும்). இப்போ ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. பிளஸ் ஒரு தட்டு தட்டினா 1 கி.மீ. ஏறும், அழுத்திப் பிடிச்சா 10 ஏறும்.

அடுத்து கேப் பட்டன், மொத்தம் நாலு லெவல். 90 கி.மீ. வேகத்துல நாலாவது லெவல்ல முன்னாடி வண்டிக்கும் உங்களுக்கும் சுமார் 52 மீட்டர் இருக்கும், முதல் லெவல்ல வெறும் 25 மீட்டர். 90-ல கார் ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் ஓடும், அப்போ முதல் லெவல்னா உங்களுக்கு கிடைக்கறது ஒரே ஒரு செகண்டுதான். நாலுலயே வச்சுக்கோங்க. நடுவுல வேற கார் புகுந்தா உங்க கார் தானா பிரேக் போட்டு திரும்ப கேப் விடும், அதனால பின்னாடி பஸ் ஒட்டி வருதான்னு கண்ணாடியை பாத்துட்டே இருங்க.

இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க: ஓரமா பிரேக்டவுன் ஆகி நிக்கற லாரியை இது பிடிக்கும்னு நம்பாதீங்க. போர்டு, பாலம், தடுப்பு எல்லாமே ரேடாருக்கு அசையாத பொருள்தான், அதுக்கெல்லாம் பிரேக் போட்டா காரே ஓட்ட முடியாதுன்னு வேகமா போறப்போ அசையாததை பெரும்பாலும் கணக்குல எடுக்காது. மீடியன் கேப்ல குறுக்க வர்ற ஆடு மாடு, ராங் சைடுல வர்ற பைக், போலீஸ் பேரிகேடு, இதெல்லாம் உங்க கண்ணு பாத்து உங்க கால் பிரேக் போட வேண்டிய விஷயம். கால் எப்பவும் பிரேக் பக்கத்துலயே ரெடியா இருக்கட்டும், லேசா மிதிச்சாலே க்ரூஸ் கேன்சல் ஆகிடும்.

இன்னொரு இடத்துல ரொம்ப பேர் பதறிடறாங்க. 100 செட் பண்ணிட்டு லாரி பின்னாடி 50-ல போயிட்டு இருப்பீங்க, சர்வீஸ் ரோட்டுக்கு திரும்பினதும் முன்னாடி லாரி இல்லையா, உடனே கார் 100-ஐ பிடிக்க ஓடும். அதனால எக்ஸிட், டோல், ஊருக்குள்ள நுழையற இடம், எல்லாத்துக்கும் முன்னாடியே கேன்சல் அழுத்திடுங்க. திரும்ப ரெஸ் (ரெஸ்யூம், விட்ட க்ரூஸை தொடர வைக்கற பட்டன்) அழுத்தினாலும் பழைய 100-தான் வரும், ஸ்கிரீன்ல நம்பரை பாத்துட்டு அழுத்துங்க.